பெங்களூரு – சென்னை விமானத்தில் உண்மையில் எவ்வளவு நேரம்? காவேரிப்பட்டணத்தில் இருந்து அம்மாவை அனுப்ப வேண்டும்

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கணக்கு பிடிபடாமல் இரண்டு நாளாக மண்டை காய்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் தங்கை சென்னை பல்லாவரத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம் இங்கே நம் வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். இது இரண்டாவது, மூத்தவனுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவளால் இங்கே வந்து உட்கார முடியாது, அதனால் அம்மாதான் ஜூன் கடைசியில் அங்கே போய் இரண்டு மாதம் இருக்க வேண்டும். அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கிவிடுகிறது. போன தீபாவளிக்குப் பேருந்தில் போனதற்கே இறங்கும்போது படியில் நின்று அழுதுவிட்டார்.

மாப்பிள்ளை சொல்கிறார், பெங்களூரில் ஏற்றிவிட்டால் ஒரு மணி நேரத்தில் சென்னை, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெட்டில் தேடினால் ஒரு இடத்தில் 290 கி.மீ. என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் 346, வேறொன்றில் 268. நேரமும் அப்படித்தான், ஒன்றில் 40 நிமிடம், ஒன்றில் 55 நிமிடம், டிக்கெட் போடும் இடத்தில் 1 மணி 10 நிமிடம். ஒரே இரண்டு ஊருக்கு எப்படி இத்தனை தூரம், இத்தனை நேரம்? இதில் எதை நம்புவது?

கூட நான் போக முடியாது. தோப்பில் பெங்களூரா மாங்காய் இறக்கும் நேரம், நீலம் ரகமும் பின்னாலேயே வந்துவிடும், ஆளும் வண்டியும் வைத்துவிட்டு ஒரு நாள் நகர்ந்தாலும் காய் பழுத்துப் போகும். ஏற்றிவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். அம்மா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

ஸ்டியரிங்_சூளகிரி

தம்பி, கால் டாக்ஸி ஓட்டுகிறேன், ஓசூர் – தேவனஹள்ளி, அதாவது பெங்களூரு விமான நிலையம், வாரத்துக்கு நாலைந்து தடவை. விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்பது இருக்கட்டும், உங்கள் வீட்டு வாசலில் இருந்து விமான நிலைய வாசல் வரைக்கும் நான் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்தில் இருந்து தேவனஹள்ளி எப்படியும் 135, 140 கி.மீ. ஆகும். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி ஓசூர் வரைக்கும் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட, அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. பிரச்சினை அத்திப்பள்ளிக்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், இறங்கியதும் சில்க் போர்டு, அங்கிருந்து ரிங் ரோட்டில் மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம், ஹெப்பால். விமான நிலையம் ஊருக்கு வடக்குக் கோடியில் இருக்கிறது, நாம் வருவது தெற்குக் கோடியில், ஊரை முழுசாகக் கடக்காமல் போக வழியில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் கொண்டு போய் விட்டிருக்கிறேன். அதே பாதையில் காலை எட்டு மணிக்கு அத்திப்பள்ளியைத் தொட்டு, பதினொன்றரைக்கு விமான நிலையம் போன நாளும் உண்டு. அத்திப்பள்ளியில் வலது பக்கம் திரும்பி சர்ஜாபூர், ஒயிட்பீல்டு, பூதிகெரே என்று சுற்றிப் போனால் சிக்னல் குறைவு. ஆனால் சாலை சில இடத்தில் மோசம், முழங்கால் வலி உள்ளவரை அந்தப் பாதையில் கூட்டிப் போக எனக்கு மனசு வராது.

பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் இருந்தவரைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் கிட்டம். 2008 மே மாதம் தேவனஹள்ளி திறந்தார்கள், அதோடு நமக்கு அரை நாள் கூடிவிட்டது.

இன்னொன்று, இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் இருக்கும் இடம் பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில். கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு 90 கி.மீ., சென்னை 255, 260. சென்னைக்குப் போக வேண்டியவரை முதலில் எதிர்த்திசையில் மூன்றரை மணி நேரம் கூட்டிப் போகிறீர்கள். அந்த நேரத்துக்கு இந்தப் பக்கம் கிளம்பியிருந்தால் வண்டி வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி, பள்ளிகொண்டா டோலும் தாண்டி வாலாஜா கிட்டப் போயிருக்கும்.

பாலக்கோடு_டு_மீனம்பாக்கம்

சொந்த ஊர் பாலக்கோடு, விமானத் துறையில் தரைப்பணியில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். உங்கள் தூரக் கணக்கையும் நேரக் கணக்கையும் நான் பிரித்துச் சொல்கிறேன், அந்த எண்களில் எதுவும் பொய் இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை அளக்கிறது.

346 என்பது சாலை. ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும் குறையும், அவ்வளவுதான். 290 என்பது ஊரின் நடுவில் இருந்து ஊரின் நடுவுக்கு வரைபடத்தில் நூல் பிடித்தால் வரும் தூரம். 268 என்பது விமான நிலையத்தில் இருந்து விமான நிலையத்துக்கு நூல் பிடித்தது. சாலை ஏன் இவ்வளவு கூடுதல் என்றால் அது நம் கிருஷ்ணகிரிக்காகத் தெற்கே வளைந்து வருகிறது. விமானம் நம் தலைக்கு மேல் போவதில்லை. அது கோலார், சித்தூருக்குக் கொஞ்சம் தெற்கே, அரக்கோணம் என்று கிட்டத்தட்ட நேர் கிழக்கே போய்விடும். புதிதாகப் போடும் பெங்களூரு – சென்னை விரைவுச் சாலையும் ஹொஸ்கோட்டையில் தொடங்கி மாலூர், பலமனேர், சித்தூர் பக்கமாக ஸ்ரீபெரும்புதூருக்கு வருவதால்தான் 262 கி.மீ.யில் முடிகிறது, அதுவும் நம்மைத் தொடாது.

இப்போது நேரம். டிக்கெட்டில் இருக்கும் 1 மணி 10 நிமிடம் பறக்கும் நேரம் இல்லை. நாங்கள் அதை பிளாக் டைம் என்போம். விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்போம், லாரிக்குக் கல் வைப்பது மாதிரிதான். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிப்பதில் இருந்து, அந்தப் பக்கம் போய் நின்று திரும்பக் கட்டை வைக்கும் வரைக்குமான நேரம் அது. பெங்களூரில் ஓடுபாதை வரைக்கும் தரையில் ஊர்ந்து போகவே பதினைந்து இருபது நிமிடம் ஆகலாம், முன்னால் வரிசை நின்றால் இன்னும் கூடும். தாமதம் ஆனாலும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போடும். சக்கரம் தரையை விட்டு மறுபடி தரையைத் தொடும் வரை மட்டும் எடுத்தால் 35 முதல் 45 நிமிடம். நீங்கள் பார்த்த 40 நிமிடம் அதுதான்.

மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் போகும் விமானம் 270 கி.மீ.யை 20 நிமிடத்தில் கடக்க வேண்டாமா என்று என் பெரியப்பாவே என்னிடம் கேட்டார். அந்த வேகத்தை எடுக்கவே இந்தத் தூரம் போதாது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ., அதற்கு மேல் போகக் கூடாது. ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். டெல்லிக்குப் போகும்போது ஏறுகிற மாதிரி 35,000 அடிக்கெல்லாம் இந்தப் பாதையில் போவதில்லை.

மாதத்தையும் பாருங்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். விமானம் காற்றுக்கு எதிராகத்தான் ஏறும், காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே இருந்து காற்று. பெங்களூரில் மேற்கு நோக்கி ஏறிவிட்டு, சென்னைக்காகக் கிழக்கே திரும்ப வேண்டும். சென்னையிலும் அப்படித்தான், மேற்கே இருந்து வரும் விமானம் ஊரைத் தாண்டிக் கடல் வரை போய், திரும்பி, கடல் பக்கமிருந்து மேற்கு நோக்கி இறங்கும். மார்கழி, தை மாதத்தில் பல்லாவரம், பொழிச்சலூர் பக்கமாக நேராக வந்து இறங்கிவிடலாம். இந்த இரண்டுக்குமே ஐந்து பத்து நிமிடம் வித்தியாசம் வரும். உங்கள் அம்மா போவது ஜூன் கடைசி என்பதால் சுற்றித்தான் வருவார்.

ஆனால் டாக்ஸி அண்ணன் சொன்னதுதான் முக்கியம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூடிவிடும், முதல் தடவை போகிறவர், பெரிய விமான நிலையம், சக்கர நாற்காலி என்றால் இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். மூன்றரை, இரண்டு, ஒன்று பத்து, சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, பல்லாவரம் கால் மணி. ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது. வீட்டு வாசலில் காரில் ஏறினால் ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் பல்லாவரம்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு நான் பாட்டுக்குப் பணம் கட்டியிருப்பேன்.

கார் என்றால் ஐந்து மணி நேரம் அம்மா உட்கார வேண்டும், நடுவில் நிறுத்தி நிறுத்திப் போகலாம்தான். ஆனால் டிரைவரோடு தனியாக அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். ரயில் சரிப்படுமா? கிருஷ்ணகிரியில்தான் ஸ்டேஷனே கிடையாது.

மொரப்பூர்_பிளாட்பாரம்

கிருஷ்ணகிரிக்கு ரயில் கேட்டு எத்தனை வருடமாகப் பேசுகிறோம், மாவட்டத் தலைநகரத்துக்கு இன்னும் ஒரு தண்டவாளம் இல்லை. எங்களுக்கும் தருமபுரி – மொரப்பூர் 36 கி.மீ. இணைப்புக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், நாங்கள் இன்னும் பேருந்தில்தான் மொரப்பூர் வந்து ரயில் ஏறுகிறோம். தருமபுரி ஸ்டேஷன் இருப்பது ஓமலூர் – ஓசூர் பாதையில், சென்னைக்குப் போகும் கூட்டத்துக்கு அது உதவாது. சொல்ல ஆரம்பித்தால் வயிற்றெரிச்சல்தான்.

சரி, உங்கள் விஷயம். உங்களுக்குக் கிட்டம் ஜோலார்பேட்டை. பர்கூர், நாட்றம்பள்ளி வழியாகப் போனால் காரில் ஒன்றே கால் மணி நேரம். ஜோலார்பேட்டையில் இருந்து சென்னை சென்ட்ரல் 213 கி.மீ., பிருந்தாவன், லால்பாக் மாதிரி பகல் ரயில்களில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். ஏசி சேர் காரில் கால் நீட்ட இடம் இருக்கும், நடுவில் எழுந்து நாலடி நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. பணமும் குறைவு. நான் என் அப்பாவை மொரப்பூரில் கோவை எக்ஸ்பிரஸில் ஏற்றித்தான் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனேன்.

ஆனால் முழங்கால் வலி என்று சொல்வதால் ஒன்றை மறைக்கக் கூடாது. ரயில் பெட்டியின் படி உயரம். ஜோலார்பேட்டையில் பிளாட்பாரம் மாற வேண்டி வந்தால் மேம்பாலம். ரயில் சில நிமிடம்தான் நிற்கும், அதற்குள் கோச்சைத் தேடி ஓட வேண்டும். சென்ட்ரலில் இறங்கிப் பல்லாவரம் போக இன்னும் ஒரு மணி நேரம், மாப்பிள்ளை பிளாட்பாரத்துக்கே வந்து நின்றால்தான் முடியும். கூட ஒரு ஆள் இருந்தால் ரயில்தான் நல்லது என்று அடித்துச் சொல்வேன். தனியாக என்றால் எனக்குப் பயம்.

தொப்பூர்_மலையடி

தம்பி, எல்லோரும் வடக்கே பார்த்தே பேசுகிறீர்கள், தெற்கே சேலம் விமான நிலையம் இருப்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லையே. பேர்தான் சேலம், இருப்பது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். நான் நல்லம்பள்ளிக்காரி, எங்களுக்கு அது முக்கால் மணி நேரம். உங்களுக்குக் காவேரிப்பட்டணத்தில் இருந்து தருமபுரி பைபாஸ், தொப்பூர் வழியாக 85 கி.மீ. வரலாம், ஒன்றரை மணி நேரம். சில்க் போர்டும் கிடையாது, ஹெப்பாலும் கிடையாது. தொப்பூர் கணவாயில் மட்டும் இறக்கத்தில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து போகும், அங்கே அவசரப்படாமல் வரச் சொல்லுங்கள், அந்த இடத்தில் பார்த்த விபத்துகள் போதும்.

இடையில் சில வருடம் விமானமே இல்லாமல் பூட்டிக் கிடந்தது. 2023 அக்டோபர் கடைசியில் இருந்து இண்டிகோ சென்னைக்குப் பறக்கிறது. போன வருடம் என் மாமியாரை அதில்தான் அனுப்பினேன், அவருக்கு 71 வயது, அவருக்கும் இதே முழங்கால்தான். தனியாகத்தான் போனார்.

எப்படி என்று சொல்கிறேன். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்துவிட்டேன், இரண்டு நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. கார் நின்ற இடத்தில் இருந்து கட்டிடத்துக்குள் போக ஐம்பது அறுபது அடி கூட இருக்காது. வாசலில் ஆதாரையும் டிக்கெட்டையும் பார்ப்பார்கள், டிக்கெட் இல்லாத நமக்கு உள்ளே அனுமதி இல்லை, அந்த ஒரு இடத்தில்தான் மனசு பதறும். ஆனால் உள்ளே ஒரு பெண் வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க பாட்டி" என்று நாற்காலியில் உட்கார வைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் நான் கிளம்பினேன். சின்ன விமான நிலையம் என்பதால் கூட்டமும் இல்லை, தொலைந்து போகவும் இடமில்லை.

விமானமும் சின்னது, இரண்டு பக்கமும் விசிறி சுற்றும். ஏறும் கதவு பின்னால் இருக்கிறது, படி நாலைந்துதான், பெரிய விமானத்துக்கு வைக்கிற மாதிரி மாடிப்படி இல்லை. மாமியார் கையில் ஒரு மஞ்சள் பை, அதை மடியை விட்டு இறக்க மாட்டேன் என்று பிடிவாதம். பணிப்பெண் இரண்டு தடவை கேட்டு, அப்புறம் முன் சீட்டுக்கு அடியில் வைத்து, "உங்க காலுக்கிட்டயே இருக்கு பாருங்க" என்று காட்டிய பிறகுதான் விட்டாராம். உள்ளே இருந்தது பேரனுக்கு வறுத்த கடலை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் திரும்பி வரும் நாளில் விமானம் ரத்து என்று முதல் நாள் ராத்திரி செய்தி வந்தது, பணம் திரும்பி வந்தது, ஆனால் அன்றைக்கு வேறு விமானம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை விமானம் என்று எண்ணிவிடலாம் என்பதால் ஒன்று போனால் அடுத்தது மறுநாள்தான். பிரசவ தேதிக்கு நாலு நாள் முன்பே போகிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை! வாரா வாரம் சேலம் மண்டிக்குப் போகிறேன், அந்தப் பக்கம் எத்தனை தடவை கடந்திருப்பேன்.

பாலக்கோடு அண்ணா, விசிறி விமானம் என்றால் மெதுவாகத்தானே போகும்? டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் போல இருக்கிறது. அம்மாவுக்குப் பயமாக இருக்குமா, ரொம்ப ஆடுமா? அப்புறம், அம்மா கொண்டு போக நினைக்கும் சாமான்: பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி எல்லாம் இடித்த பொடி, கேழ்வரகு மாவு, ஒரு பாட்டில் நெய், மாங்காய் ஊறுகாய், அப்புறம் தோப்பில் இருந்து மல்கோவா ஒரு பெட்டி. இதெல்லாம் விடுவார்களா?

பாலக்கோடு_டு_மீனம்பாக்கம்

மலையடி அக்கா சொன்னது நல்ல யோசனை, எனக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த விமானத்தின் பேர் ஏடிஆர் 72. மணிக்கு 500 கி.மீ. போகும். ஜெட் 800க்கு மேல் போகும் என்றாலும் இந்தத் தூரத்துக்கு அந்த வேகம் பயன்படுவதே இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வித்தியாசம் வரும். இன்னொன்றைப் பாருங்கள், காமலாபுரத்தில் இருந்து மீனம்பாக்கம் நூல் பிடித்தால் 265 கி.மீ., பெங்களூரில் இருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். பறக்கும் தூரம் ஒன்று, ஆனால் உங்கள் வீட்டில் இருந்து ஏறும் இடத்துக்கு 140க்குப் பதில் 85. சேலத்தில் ஓடுபாதை 1800 மீட்டர் அளவுதான், பெரிய ஜெட் வராததற்கு அதுதான் காரணம். ஆனால் அங்கே தரையில் ஊர்ந்து வரிசையில் நிற்கும் வேலை கிடையாது, நகர்ந்தால் உடனே கிளம்பிவிடும்.

ஆட்டம் கொஞ்சம் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஜெட் அளவுக்கு உயரம் போகாது, ஜூன் காற்றில் சேர்வராயன் மலையை ஒட்டி ஏறும்போது குலுங்கும். நம் ஊர் மண் ரோட்டில் டிராக்டரில் போனவருக்கு அது ஒரு விஷயமே இல்லை என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். இறங்கும்போது காது அடைக்கும், வாயில் போட்டுச் சப்ப ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்புங்கள்.

சாமானில் நெய், ஊறுகாய், மிளகாய்ப் பொடி மாதிரி எதையும் கைப்பையில் வைக்க வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், அம்மா தனியாக நின்று அவர்களிடம் பேச வேண்டியிருக்கும். எல்லாம் பெட்டியில். பொதுவாகப் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. மல்கோவா ஒன்றே அரைக் கிலோவைத் தொடும், கேழ்வரகு மாவையும் சேர்த்து வீட்டிலேயே தராசில் வைத்துவிடுங்கள். பழமாகக் கொடுக்காதீர்கள், செங்காயாக, வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் கட்டுங்கள், அங்கே போய் நாலு நாளில் பழுக்கட்டும். மாத்திரையும் ஆதாரும் கைப்பையில்.

வரிசையில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு சீட். முழங்காலுக்காக நடைபாதை ஓரம் கேட்டு வாங்குங்கள், எழுந்து நிற்கலாம். முடிந்தால் ஒரு உதவி: சக்கரம் தரையை விட்ட நேரத்தையும் தொட்ட நேரத்தையும் அம்மாவைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

ஸ்டியரிங்_சூளகிரி

எனக்குச் சவாரி போச்சு, ஆனாலும் சரியான முடிவு தம்பி.

ஓசூரில் ஒரு விமான நிலையம் வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள், 2000 ஏக்கரில், வருடத்துக்கு 3 கோடி பேர் வந்து போகிற அளவுக்கு என்று. தேவனஹள்ளியைச் சுற்றி 150 கி.மீ.க்குள் 2033 வரை வேறு விமான நிலையம் கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதுதான் முட்டுக்கட்டை. பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுபாதை இத்தனை வருடமாகக் கண் முன்னால் இருக்கிறது. பெங்களூருக்கு மலரும் காய்கறியும் நிறைய இங்கிருந்து போகிறது, ஆனால் நோயாளியைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏற ஊரைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை எப்படியாவது பேசித் தீர்க்க வேண்டும்.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், காய் இறக்கும் வேலையில் கணினி பக்கமே வரவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் இருந்து காமலாபுரம் 1 மணி 40 நிமிடம், தொப்பூரில் மட்டும் பத்து நிமிடம் நின்றோம். ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே விட்டோம். சக்கர நாற்காலிக்காரப் பையன் கிருஷ்ணகிரி அணைப் பக்கத்தில் ஊர் என்று சொன்னதும் அம்மா அவனோடு பேச ஆரம்பித்துவிட்டார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி 14 கிலோ 600 கிராம். மல்கோவா ஒன்பதுதான் வைக்க முடிந்தது. வீட்டு வாசலில் இருந்து தங்கை வீட்டு வாசல் வரை மொத்தம் ஐந்தே கால் மணி நேரம், காரில் போயிருந்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆனால் தொடர்ந்து உட்கார்ந்தது எந்த இடத்திலும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவில்லை, கால் வீங்கவில்லை. அதற்குத்தான் இந்தப் பணம்.

பாலக்கோடு அண்ணா, நீங்கள் கேட்டதை அம்மா மறக்கவில்லை. அப்பா கட்டிய எச்.எம்.டி. கடிகாரத்தைத்தான் கட்டிக்கொண்டு போனார், அதைப் பார்த்து போர்டிங் பாஸின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். தங்கை படம் எடுத்து அனுப்பினாள். சக்கரம் எழுந்ததில் இருந்து தொட்டது வரை 51 நிமிடம்.

நடைபாதை ஓரம்தான் வாங்கியிருந்தேன், பக்கத்து சீட் காலியாக இருந்ததால் ஜன்னலுக்கு நகர்ந்துவிட்டாராம். போனில் அவர் சொன்ன முதல் விஷயம் முழங்கால் இல்லை, குலுங்கியதும் இல்லை. "சென்னை வந்துடுச்சுன்னாங்க, பார்த்தா கட்டடமெல்லாம் பின்னால போயிடுச்சு, கீழ ஒரே தண்ணி, எங்கியோ தூரமா கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன், அப்பறம்தான் நீ சொன்ன கடல் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

குழந்தை போன வியாழக்கிழமை பிறந்தது, பெண். இரண்டு பேரும் நலம். அம்மா ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிறார், அப்போது காய் வேலை இருக்காது, நானே போய் ரயிலில் கூட்டி வரலாம் என்று இருந்தேன். ஜன்னல் சீட்டாகவே போடு என்கிறார். மலையடி அக்கா, ஆகஸ்ட் மாதத்தில் சேலம் விமானம் எந்தெந்தக் கிழமை என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.